அகல்யாவின் பியோலி

9 ஏப்ரல் 2001

பால்கனியில் ஏர் கூலரைப் பிரித்து, தண்ணீர் ஊறிய பழைய புல்லை உதறிவிட்டுப் புதுப் புல் அடைத்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் சிராய்ப்பு. ஆபீசிலிருந்து வந்த அகல்யா செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே வந்து பக்கத்தில் நின்றாள்.

“என்னங்க, பியோலிக்குப் போற டீம்ல என் பேரு வந்துடுச்சு.”

“அச்சா” என்றேன்.

“பத்து வருஷமா காத்துகிட்டு இருந்தேன். வெறும் அச்சாவா?”

உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்திய சத்தத்தில் மகள் கவிதா தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

தில்லிக்கு வந்த பிறகு என் நாக்கில் ஒட்டிக்கொண்ட சொல் அது. சந்தோஷமானாலும் அச்சா, பயமானாலும் அச்சா. இன்றைக்கு எந்த அச்சா என்று எனக்கே விளங்கவில்லை.

பியோலி இமயமலையில் கட்வால் பக்கத்துப் பனிச்சிகரம். அதைச் சுற்றியிருக்கும் காட்டையும் புல்வெளியையும் சர்க்கார் இருபது வருடத்துக்கு முன்பே பூட்டிவிட்டது. மலையேறுகிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள், யாருக்கும் அனுமதி இல்லை. எப்போதாவது ஒரு முறை விஞ்ஞானிகள் சிலரை உள்ளே அனுப்பி, என்ன பிழைத்திருக்கிறது, என்ன திரும்பி வந்திருக்கிறது என்று பார்த்து வரச் சொல்வார்கள். முன்பு போனவர்கள் கொண்டுவந்த கல்பாசித் துணுக்குகளைக் காகிதப் பொட்டலங்களில் வைத்துக்கொண்டு அகல்யா இத்தனை வருடம் ஆராய்ந்தாள். உயிரோடு ஒன்றைக்கூட அது வளர்கிற இடத்தில் பார்த்ததில்லை.

கல்பாசிதான் என் மனைவியின் உத்தியோகம். குருமாவில் போடுகிறோமே, அதன் அக்கா தங்கைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றனவாம். விருத்தாசலத்தில் என் அண்ணன் இன்னமும் கேட்கிறார்: “குருமாவுல போடற சாமானுக்கு கவர்மெண்டு சம்பளம் குடுக்குதாடா கலியா?”

10 ஏப்ரல்

காலையில் டீ கொடுக்கும்போது சொன்னேன்: “போயிட்டு வா.” நாற்பத்து நான்கு வயதுக்காரி சின்னப் பெண் மாதிரி சிரித்தாள்.

21 ஏப்ரல்

டாக்டர் இதயம், நுரையீரல் எல்லாம் பார்த்துச் சரி என்றுவிட்டார். ஆனால் மூச்சுப் பழக வேண்டுமாம். தில்லியில் மலைக்கு எங்கே போவது? மலை மந்திர்தான், சின்னக் குன்றின் மேல் இருக்கிற முருகன் கோயில்.

முதுகுப் பையில் அரிசியும் துவரம்பருப்பும் திணித்துக்கொண்டு கோயில் படிகளில் ஏறுகிறாள், இறங்குகிறாள், மறுபடி ஏறுகிறாள். நான் கீழே வேப்பமர நிழலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன். இன்று எங்கள் மாடிக் குடித்தனக்கார செல்லம்மாள் அக்கா அர்ச்சனைத் தட்டோடு வந்தவர் பார்த்துவிட்டார்.

“என்ன வேண்டுதல் அகல்யா இது, அரிசியச் சொமந்துகிட்டு?”

“மலைக்குப் போகணும்னு வேண்டுதல்க்கா.”

“இதுதானேம்மா மலை?”

வீடு வரும் வரை சிரித்துக்கொண்டே வந்தோம்.

29 ஏப்ரல்

கரோல் பாகில் பூட்ஸ் வாங்கினோம். கடைக்காரர் என் காலை அளக்க உட்கார்ந்துவிட்டார். எனக்கில்லை, மேடத்துக்கு என்றேன். நிமிர்ந்து அவளை ஒரு தரம் பார்த்தார், அவள் புடவையை ஒரு தரம் பார்த்தார். கடைசியில் காலேஜ் பையன்கள் சைஸில் ஒரு ஜோடி கிடைத்தது. புடவையோடு அதைப் போட்டுக் கடைக்குள்ளேயே நடந்து பார்த்தாள். கவிதாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. “மம்மி, ப்ளீஸ், எல்லாரும் பாக்கறாங்க!”

எனக்கு வெட்கமாக இல்லை. வேறு என்னவோ இருந்தது. இந்தக் கால்கள் எங்கெல்லாம் போகப் போகின்றன — நான் இல்லாமல்.

14 மே

காஷ்மீரி கேட்டில் பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னலில் கை ஆட்டினாள். வீடு பெரிதாக இருக்கிறது.

17 மே

சாம்பாரில் உப்பு இல்லை. கவிதா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். சொல்லியிருந்தால் பரவாயில்லை.

20 மே

போன் வந்தது! மல்லாகோட்டிலிருந்து. பியோலிக்குப் போகும் வழியில் கடைசி ஊர். அதற்கு மேல் போன் கிடையாது. வயர்லெஸ் பெட்டி ஒன்றுதான். அதில் பேசுவதை வனத்துறைச் சாவடியில் கேட்டு அகல்யாவின் ஆபீசுக்குச் சொல்வார்களாம், ஆபீசில் எனக்குச் சொல்வார்களாம்.

“சிகரம் தெரியுதா?”

“எங்கங்க, ஒரே மேகம். இங்க இருக்கறவங்க அதை மலைன்னே சொல்றதில்ல. பெத்த பொண்ணு மாதிரி பேசறாங்க. இன்னிக்கு ஒரு அம்மா எங்கிட்ட சண்டைக்கு வந்துட்டாங்க. ‘எங்க புல்வெளியப் பூட்டிட்டீங்க, எங்க ஆட்ட எல்லாம் வித்துட்டோம். நீங்க மட்டும் மூட்ட கட்டிகிட்டு உள்ள போறீங்களா’ன்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“என்ன சொல்றது? நியாயம்தானே. அவங்க வீட்லயேதான் ராத்திரி சாப்பாடும்.”

பிறகு கவிதாவிடம் கொடுத்தேன். அம்மாவும் பெண்ணும் என் சாம்பாரைப் பற்றி இந்தியில் பேசிச் சிரித்தார்கள். எனக்கு இந்தி தெரியாது என்ற நினைப்பு.

29 மே

ஆபீசிலிருந்து ராமன் போன் செய்தார். அகல்யாவின் டைரக்டருக்கு உதவியாளர், நல்ல மனிதர். “மேடம் முதல் முகாமுக்குப் போய்ச் சேர்ந்துட்டாங்க சார். எல்லாரும் நலம்.”

எல்லாரும் என்றால் எட்டுப் பேர், சுமை தூக்குபவர்கள் தனி. அதில் அர்விந்த் என்று கரோல் பாக் தமிழ்ப் பையன் ஒருவன், புது விஞ்ஞானி, இருபத்தெட்டு வயது. பஸ் நிலையத்தில் பார்த்தேன். அவனுடைய அம்மா ராஜம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அகல்யா கூடப் போறதாலதான் எனக்குத் தைரியம்” என்றார். எனக்கு யார் தைரியம்?

4 ஜூன்

வெயில் கொளுத்துகிறது. மதியம் கரண்ட் போய்விட்டது. ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு தரையில் படுத்திருந்தேன். அவள் இப்போது பனியில் இருப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். வேர்வை நிற்கவில்லை. மனசு கொஞ்சம் குளிர்ந்தது.

8 ஜூன்

பேப்பரில் மூன்றாம் பக்கத்தில் சின்னச் செய்தி. கட்வால் உயர்மலைகளில் காலம் தப்பிக் கடும் பனிப்பொழிவு.

ராமனுக்குப் போன் செய்தேன். “நாலு நாளா வயர்லெஸ்ல ஒண்ணும் வரல சார். பேட்டரி போயிருக்கும்.”

பேட்டரி. இருக்கும்.

9 ஜூன்

பேட்டரி என்றால் எட்டுப் பேர் போகிற இடத்துக்கு ஒரே பேட்டரியா கொண்டு போவாங்க? யாரைக் கேக்கறது? அந்த டைரக்டர் என்னை உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். டீ எனக்கு எதுக்கு?

அண்ணன் போன் செய்தார். “பொம்பளைய மலைக்கு அனுப்பிட்டு நீ வூட்ல கொழம்பு வெக்கிறியா?”

“ஆமா. இப்ப நல்லாவே வெக்கிறேன்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கவிதா கத்தினாள். “நீங்கதானே போன்னு சொன்னீங்க! வேணாம்னு சொல்லியிருந்தா மம்மி போயிருக்க மாட்டாங்க.”

சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டாள்தான். அதனால்தான் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளே வந்து என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். தமிழிலா இந்தியிலா என்று தெரியாத ஏதோ ஒன்றைச் சொல்லி அழுதாள். நானும்.

12 ஜூன்

ராமன் போன். குரலே சரியில்லை.

“சார், சாவடியிலேர்ந்து தகவல். லைன் சரியா கேக்கலியாம். ‘லேடி மெம்பர், பேஷண்ட், கீழே கொண்டுவரப்படுகிறார்’ — இவ்ளோதான் சார் வந்திருக்கு. தேவல்சௌர் ஆஸ்பத்திரிக்கு.”

அந்தக் குழுவில் பெண் அவள் ஒருத்திதான்.

பையில் என்ன வைத்தேன் என்று தெரியவில்லை. கவிதாவை செல்லம்மாள் அக்காவிடம் விட்டுப் போகலாம் என்றேன். “நான் வருவேன். என் மம்மி” என்றாள். இரண்டு வார்த்தை. மறு பேச்சு இல்லை.

13 ஜூன், பஸ்ஸில்

எழுத்து ஆடுகிறது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளத்தில் ஆறு. கவிதா தூங்குகிறாள். இருபது வருடமாக அகல்யாவோடு இருந்து அவள் வேலையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? குருமா ஜோக்குக்கு நானும் சிரித்திருக்கிறேன். முருகா, அவள் மட்டும் — வேண்டாம். எழுத வேண்டாம்.

14 ஜூன், தேவல்சௌர்

ஆஸ்பத்திரி ஒரு சின்ன ஓட்டுக் கட்டிடம். வாசலுக்கு வரும்போதே குரல் கேட்டது. இந்தியில், உரக்க, ஆக்சிஜன் சிலிண்டரை மாற்ற இன்னும் எத்தனை நேரம் ஆகும் என்று யாரையோ திட்டிக்கொண்டிருந்த குரல்.

என் கால் அப்படியே நின்றுவிட்டது. கவிதா ஓடினாள்.

அகல்யா திரும்பினாள். முகமெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. தலையில் யாருடைய கம்பளிக் குல்லாயோ. கவிதாவைக் கட்டிக்கொண்டபடியே என்னைப் பார்த்தாள்.

“நீங்க எங்க இங்க? கேஸ மூடிட்டு வந்தீங்களா?”

மூடினேனா? அது ஞாபகம் வரவில்லை. ஆஸ்பத்திரி வராந்தா என்றும் பார்க்காமல், கம்பவுண்டர் நிற்கிறார் என்றும் பார்க்காமல் அழுதேன். அவள் பயந்துபோய், “என்னாச்சு? ஊர்ல யாருக்காவது ஏதாவதா?” என்கிறாள்.

நோயாளி அவளில்லை. அர்விந்த். அவனைக் கீழே கொண்டுவந்தவள் அவள். பாதித் தகவல்தான் தில்லி வந்து சேர்ந்திருக்கிறது.

15 ஜூன், தேவல்சௌர்

அர்விந்த் கண் விழித்துக் கஞ்சி குடித்தான். ராஜத்துக்குப் போன் போட்டுக் கொடுத்தோம். அம்மா குரலைக் கேட்டதும் பையன் விசும்பிவிட்டான்.

நடந்ததை அகல்யா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாள். பனி கொட்டித் தீர்ந்த மறுநாள் அர்விந்துக்கு இருமல், மூச்சு இழுப்பு. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. உடனே கீழே இறக்காவிட்டால் பிழைக்க மாட்டான். சுமை தூக்குபவர்கள் முறை மாற்றித் தூக்கிக்கொள்வார்கள், ஆனால் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளக் குழுவில் ஒருவர் கூடப் போக வேண்டும். அடுத்த நாள் எல்லோரும் சிகரத்தின் அடியில் இருக்கிற மேட்டுக்குப் போவதாக இருந்தது. மனிதக் கால் படாத பாறைகள், கல்பாசி அப்பிக் கிடக்கிற இடம். அதற்காகத்தான் எல்லோரும் வந்தது.

“லீடர் எங்க மொகத்த ஒவ்வொண்ணா பாத்தாரு. எல்லாரும் தலையக் குனிஞ்சிகிட்டாங்க. நானும்தான் குனிஞ்சேன். அப்புறம் ‘நான் போறேன்’னு என் வாய்தான் சொல்லிச்சு. மனசு சொல்லல.”

“வருத்தமா?”

“ரெண்டு நாளும் அழுதுகிட்டேதான் எறங்கினேன். அவனுக்குத் தெரியாம. இவன் மட்டும் இருமாம இருந்திருந்தான்னா... அப்டீன்னுகூட நெனச்சேன். இப்ப கஞ்சி குடிக்கறான் பாருங்க. இப்ப அந்த வருத்தம் இல்ல.”

டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை.

“கெளம்பற அன்னிக்கு விடியறப்ப கூடாரத்த விட்டு வெளிய வந்தேன். மேகமே இல்ல. பியோலி அவ்ளோ கிட்ட நின்னா. மொதல்ல நீலமா, அப்புறம் உச்சியில மட்டும் வெயில் பட்டுச்சு. ஒரு சத்தம் இல்லங்க. அங்க நம்மள யாருக்கும் தேவையே இல்ல. அதுல ஒரு நிம்மதி. எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

எனக்குப் புரிந்ததா? முழுக்க இல்லை. ஆனால் அந்த முகத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

2 ஜூலை, தில்லி

மழை வந்துவிட்டது. கேஸ் மூடித்தான் இருந்தது.

19 ஜூலை

மேட்டுக்குப் போன மற்றவர்கள் அவளுக்காகத் துணுக்குகள் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். ஒரு அட்டைப்பெட்டி நிறைய. “மறுபடியும் பொட்டலம்” என்றாள். சிரித்தாள். பிறகு வெகுநேரம் லென்ஸை வைத்துக்கொண்டு தலையே தூக்கவில்லை. நான் தோசை ஊற்றினேன்.

11 பிப்ரவரி 2002

புதிதாக ஒரு விஷயம். பியோலியைச் சுற்றுலாவுக்குத் திறந்துவிடலாமா என்று யோசிக்கிறார்களாம். மலையேற்றக் கம்பெனிகள் கேட்கின்றன. மல்லாகோட்காரர்களும் கேட்கிறார்கள். உள்ளே போய் வந்தவர்களிடம் எழுத்தில் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். அகல்யாவிடமும்.

எனக்குச் சந்தோஷம். “நல்லதாப் போச்சு. தெறக்கலாம்னு எழுது. நீ விட்டுட்டு வந்த எடத்த நீயும் பாக்கலாம், என்னையும் கூட்டிகிட்டுப் போகலாம். நான் இப்பவே மலை மந்திர்ல ஏற ஆரம்பிக்கிறேன்.”

அவள் அந்தக் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

16 பிப்ரவரி

திறக்கக் கூடாது என்று எழுதப்போகிறாளாம்.

“ஒரு கல்பாசி உள்ளங்கை அகலம் வளர ஒரு மனுஷ ஆயுசு பத்தாதுங்க. பூட்ஸ்ல ஒரு தடவ தேச்சா போச்சு. எங்க கூடாரம் போட்ட எடத்தப் பாத்துட்டு வந்தேன். எட்டு பேருக்கே அவ்ளோ காயம்.”

“நான் ஒருத்தன் வந்தா என்ன ஆயிடும்?”

“நீங்க பாக்கணும்னு எனக்கு ஆசை இல்லேன்னு நெனக்கிறீங்களா? எல்லார் வீட்லயும் ஒருத்தர் இருப்பாங்கங்க, அவங்களுக்குக் காட்டணும்னு.”

கோபத்தில் எழுந்து வந்துவிட்டேன். ஒரு தரம் — ஒரே ஒரு தரம் — அவள் பார்த்ததை நானும் பார்க்கணும்னு கேட்டது தப்பா?

17 பிப்ரவரி

பேசவில்லை. அவளும்.

18 பிப்ரவரி

பேசவில்லை. உப்புமா நன்றாக இருந்தது.

19 பிப்ரவரி

உப்புமா நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டேன்.

அவள் எழுதியதைப் படிக்கக் கொடுத்தாள். வெறும் ‘கூடாது’ இல்லை. உள்ளே யாரும் வேண்டாம். ஆனால் வெளி விளிம்பில் சிகரம் தெரிகிற ஒரு மேடு இருக்கிறதாம். அது வரைக்கும் மல்லாகோட் ஊர்க்காரர்களே ஆட்களைக் கூட்டிப் போகட்டும், தங்க வைக்கட்டும், வருமானம் அவர்களுக்கே போகட்டும் என்று எழுதியிருந்தாள். வெளியிலிருந்து கம்பெனிகள் வேண்டாம். புல்வெளியை இழந்தவர்களுக்கு நாம் கொடுக்க வேண்டியது இது என்று ஒரு பத்தி. சண்டைக்கு வந்தாரே ஒரு அம்மா, அவர் அந்தப் பத்தியில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு இடங்களில் இங்கிலீஷ் கமா போட்டுக் கொடுத்தேன். என் ஆபீஸில் நோட் எழுதி எழுதிப் பழகிய கை.

“கோவம் போயிடுச்சா?” என்றாள்.

“பாதி.”

7 மார்ச் 2002

டைரக்டர் கூப்பிட்டு, கொஞ்சம் மென்மையாக எழுதினால் என்ன என்று கேட்டாராம். அடுத்த குழுவில் இடம் தருகிறோம் என்றும் ஜாடையாகச் சொன்னாராம். வேண்டாம் சார், எழுதினபடியே போகட்டும் என்று வந்துவிட்டாள்.

அடுத்த குழு போக இன்னும் பல வருடம். அப்போது அவள் ரிடையர் ஆகியிருப்பாள், அல்லது முழங்கால் விடாது. ஆக, இத்தோடு முடிந்தது. அவளாகவே முடித்துக்கொண்டாள்.

மீதிப் பாதிக் கோபமும் போய்விட்டது.

23 ஜனவரி 2003

உத்தரவு வந்துவிட்டது. உள்ளே பூட்டு அப்படியே. விளிம்பு மேடு வரை ஊர்க்காரர்கள் பொறுப்பில் அனுமதி. அவள் எழுதியதால்தானா, பலரும் அப்படியே எழுதினார்களா, தெரியாது. அர்விந்தும் ராஜமும் ஜிலேபியோடு வந்தார்கள். அர்விந்த் அகல்யாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டான். “எந்திரிப்பா, ஜிலேபி ஆறுது” என்றாள்.

12 அக்டோபர் 2003, மல்லாகோட்

கவிதாவுக்குக் காலேஜ் லீவு. மூன்று பேரும் வந்திருக்கிறோம். தங்கியிருப்பது அந்தச் சண்டைக்கார அம்மாவின் வீட்டில். இப்போது வாசலில் போர்டு மாட்டியிருக்கிறார், உள்ளே விருந்தாளிகளுக்கு இரண்டு அறை. அகல்யாவைப் பார்த்ததும் கன்னத்தைக் கிள்ளினார். நாளைக் காலை அவருடைய மருமகள் எங்களை மேட்டுக்குக் கூட்டிப் போகிறாள்.

13 அக்டோபர்

ஏறினோம். நான் நின்று நின்று ஏறினேன். அகல்யா எனக்காக நின்றாள், மூச்சு வாங்குவதுபோல நடித்தாள். எனக்குத் தெரியும்.

மேட்டில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் யாரும் போகக் கூடாது. அங்கிருந்து பியோலி முழுசாகத் தெரியவில்லை. முன்னால் ஒரு மலை மறைக்கிறது. அதற்குப் பின்னால் நெற்றி மட்டும், வெள்ளையாக.

“இவ்ளோதாங்க தெரியும்” என்றாள், தப்பு செய்தவள் மாதிரி.

“போதும்” என்றேன். சமாதானத்துக்குச் சொல்லவில்லை. அந்த நெற்றியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அதற்குக் கீழே யாரும் இல்லாமல் ஒரு பெரிய இடம் இருக்கிறது என்ற நினைப்பே நிறைந்துவிட்டது. அவள் டீக்கடையில் சொன்ன நிம்மதி இதுதானோ என்னவோ.

சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தோம். அங்கே தில்லி லாஜ்பத் நகரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பெரிய காமிரா, புது பூட்ஸ். கல்லைத் தாண்டி ஒரு பத்தடி விடச் சொல்லி மருமகளிடம் மன்றாடிப் பார்த்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு கல் பக்கத்திலேயே நின்றாள், அசையவில்லை. அவர் வெறுத்துப்போய் எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்தார். இந்தியில் புலம்பினார்: “பாருங்க பாய்சாப், இவ்வளவு தூரம் வந்து அரைமலையைப் பார்த்துட்டுப் போகணுமாம். ஏசி ரூம்ல உக்காந்துகிட்டு எந்த மடையன் இந்த ரூலை எழுதினானோ!”

கவிதா சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. நான் மலையைப் பார்த்தேன்.

அகல்யா தலை நிமிராமல் ஒரு இலைத்தட்டில் புளிசாதம் வைத்து, பக்கத்தில் இரண்டு அப்பளம் வைத்து, அவரிடம் நீட்டினாள்.

மனிதர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.